தொப்பைக் கொழுப்பை ஒளியால் வாசிப்பவர்கள்

எடை குறையும்போது நம் உடம்பில் உள்ள கொழுப்பு செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் சேர்த்து வைத்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுச் சுருங்குகிறது. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் அவருடைய குழுவினரும் 2008-இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் ஏகமாகக் கூடியது. பிறகு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் எந்த அளவு கார்பன்-14 இருந்ததோ அந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடுகிறது. அதைப் படித்துக் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். வளர்ந்தவர்களின் உடம்பில் வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு செல்கள் செத்து, அதே அளவு புதிதாக வருகின்றன. மொத்தக் கணக்கு மாறுவதில்லை. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து மளமளவென்று இளைத்தவர்களிடமும் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. செல்களின் பருமன்தான் குறைந்திருந்தது.

மதுரையில் ஒரு சுகர் கிளினிக்கில் நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மேலே சொன்னதை எத்தனை பேரிடம், எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. காரணம் எடை மிஷின். எங்கள் கிளினிக்கில் டாக்டர் அறைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் அதில் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது செருப்பு, செல்போன், சில்லறை எல்லாவற்றையும் கீழே வைக்கிறவர்கள் உண்டு. இறங்கும்போது முகம் மாறுவதைப் பார்த்தே அன்றைய என் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா ஒருநாள் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"என்ன தாயி, ராத்திரிச் சோத்தை விட்டாச்சு, காலையில வைகைக் கரையில நடக்குறேன். இந்த மிஷினு நகர மாட்டேங்குதே. நீ சொல்றது எனக்கு மட்டும் வேலை செய்யாதோ?"

"இருங்கம்மா, பாவாடை நாடா முன்னாடி எங்கே கட்டுனீங்க, இப்ப எங்கே கட்டுறீங்க?"

யோசித்துவிட்டு, "ரெண்டு விரக்கடை உள்ளே போயிருக்கு" என்றார். இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன். இடுப்புச் சுற்றளவு நன்றாகவே இறங்கியிருந்தது. மிஷினில் எடை மட்டும் அசையவில்லை.

இது அபூர்வமான விஷயமே இல்லை. எடை மிஷின் எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு, காலையில் தின்ற தோசை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. கொழுப்பு குறைந்து, உடம்பில் கொஞ்சம் தண்ணீர் கூடியிருந்தால் எண் நகராது. அந்த அம்மா என்னிடம் கேட்டதில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. எடை நகராத அந்த வாரங்களில் அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு என்ன செய்துகொண்டிருந்தது? ஊசி குத்தி ஒரு துண்டு எடுக்காமல் அதைப் பார்க்க முடியுமா?

முடியும் என்று காட்டிய ஓர் ஆய்வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. 2016-இல் உடல் பருமன் துறையின் சர்வதேச ஆய்விதழில் வந்தது. கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்மன் லேசர் நிறுவனத்தில் புரூஸ் டிராம்பெர்க்கின் குழு செய்தது. கட்டுரையின் முதல் பெயர் கௌதம் கணேசன். அதிக எடையுள்ள பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, 12 வாரம் கலோரி குறைந்த உணவு கொடுத்து, அந்தக் காலம் முழுக்க அவர்களின் வயிற்றின் மேல் ஒரு கைக்கருவியை வைத்துத் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பை ஒளியால் அளந்தார்கள்.

ஒளி உடம்புக்குள் போகுமா என்று கேட்பவர்கள், இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் விரலை அழுத்திப் பாருங்கள். விரல் முழுக்கச் சிவந்து ஒளிரும். வெள்ளை ஒளியில் உள்ள நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு தப்பி வெளியே வருகிறது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புப் பகுதிக்குப் போனால் இன்னும் வசதி. ஒளியின் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டரிலிருந்து 1000 நானோமீட்டர் வரை இருக்கும் பகுதியில், ரத்தமும் தண்ணீரும் ஒளியை அவ்வளவாக விழுங்காத ஓர் இடைவெளி இருக்கிறது. உடம்பைப் பார்க்க இயற்கை விட்டு வைத்திருக்கும் ஜன்னல் இது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977-இல் இந்த ஜன்னல் வழியாக மூளையிலும் இதயத்திலும் உள்ள ஆக்சிஜன் நிலையை வெளியிலிருந்தே கவனிக்கலாம் என்று காட்டினார்.

நம் எல்லோர் வீட்டிலும் இந்த ஜன்னலின் ஒரு சின்னக் கீற்று ஏற்கெனவே இருக்கிறது. கொரோனா சமயத்தில் மருந்துக்கடையில் அலைந்து வாங்கினோமே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதுதான். 660, 940 நானோமீட்டர் என்று இரண்டே ஒளிகளை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்கிறது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஜப்பானைச் சேர்ந்த டகுவோ அயோயாகி. 1974-இல் அதை அறிவித்தார். 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியைத் தேடிக்கொண்டிருந்த மாதத்தில், காலமானார். அவர் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு, கிளினிக்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆக்சிமீட்டர் மாட்டச் சொல்லிக்கொடுக்கும்போது அவரைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொழுப்பை அளக்க இரண்டு ஒளி போதாது. ஹீமோகுளோபின், தண்ணீர், கொழுப்பு ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு அலைநீளத்தை விரும்பி விழுங்குகிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு விழுங்குகிறது என்று கோடு வரைந்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் 760 நானோமீட்டர் அருகே ஒரு மேடு காட்டும். கொழுப்பு 930 அருகே, தண்ணீர் 970-ஐ ஒட்டி. அந்தப் பகுதி முழுவதையும் அளந்தால், எந்த மேடு எவ்வளவு உயரம் என்பதிலிருந்து திசுவில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லலாம்.

இதைப் படித்தால் எளிதாகத்தான் தெரியும். ஆனால் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திசுவுக்குள் ஒளி நேர்கோட்டில் போவதில்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறவர் இடிபட்டு, விலகி, திரும்பி, சுற்றித்தான் போய்ச் சேருவார், அதே மாதிரி ஒளியும் செல்களில் மோதி மோதித் திரும்புகிறது. தோலின் மேல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்த உணரிக்கு வந்து சேரும் ஒளி, உள்ளே அதைப்போலப் பல மடங்கு தூரம் அலைந்திருக்கும். வந்து சேர்ந்த ஒளி மங்கலாக இருந்தால், வழியில் விழுங்கப்பட்டதா, சிதறி வேறு பக்கம் போனதா? சாதாரண விளக்கை வைத்து இதைப் பிரிக்க முடியாது.

இர்வைன் குழுவின் சாமர்த்தியம் இங்கேதான். அவர்கள் லேசரை ஒரே சீராக எரியவிடுவதில்லை. நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை பிரகாசம் ஏறி இறங்கும்படி செய்கிறார்கள். உள்ளே அலைந்து வெளியே வரும்போது அந்த ஏற்ற இறக்கம் சற்றுப் பின்தங்கி வரும். எவ்வளவு பின்தங்கியது என்பதை அளந்தால் ஒளி எவ்வளவு நேரம் அலைந்தது என்று தெரியும். எவ்வளவு மங்கியது என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்தால், விழுங்கப்பட்டது தனி, சிதறியது தனி என்று இரண்டு எண்களாகப் பிரிந்துவிடும். இதே கருவியை அவர்கள் முதலில் வளர்த்தது மார்பகப் புற்றுநோய்க்காக. கீமோ மருந்து கட்டியில் வேலை செய்கிறதா என்று சீக்கிரமே தெரிந்துகொள்ளப் பல மருத்துவமனைகளில் அதைச் சோதித்திருக்கிறார்கள். அந்த வேலையில் மெருகேறிய கருவிதான் பிறகு தொப்பையின் மேல் வைக்கப்பட்டது.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி சிதறல். பொதுவாக இமேஜிங் என்றதும் கொழுப்பு எத்தனை கிலோ என்பதில்தான் எல்லோர் கவனமும் இருக்கும். சிதறல் சொல்லுவது செல்லின் அளவைப் பற்றி. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசாக நீலம் பூத்தது போல இருக்கும். டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் விளக்கு மஞ்சளாக, ஆரஞ்சாகத் தெரியும். சின்னத் துகள்கள் குட்டை அலைநீளத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன, நீண்ட அலைநீளத்தைக் குறைவாகச் சிதறடிக்கின்றன. துகள் பெரிதாக ஆக இந்த வித்தியாசம் மங்கிக்கொண்டே போகும். ஆகவே அலைநீளம் மாற மாறச் சிதறல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்கிற அந்தச் சரிவைப் பார்த்தால், சிதறடிப்பவை பெரியவையா சின்னவையா என்று ஊகிக்கலாம்.

நம் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு செல் ஒன்றின் உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளிதான். செல்லின் உட்கருவைக்கூட ஓரத்துக்குத் தள்ளிவிடும் அளவுக்கு அது அடைத்துக்கொண்டிருக்கும். உடம்பு பருத்தால் அந்தத் துளி வீங்கும், இளைத்தால் சுருங்கும். பத்துப் பேர் ஆய்வில் வாரங்கள் போகப் போக அந்தச் சிதறல் சரிவு செங்குத்தானது. அதாவது, செல்கள் சின்னதாகும்போது எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் போனது. ஸ்டாக்ஹோமில் அணுகுண்டுக் கார்பனை வைத்துச் சொன்னதையும் இர்வைனில் லேசரை வைத்துப் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. எண்ணிக்கை மாறாது என்றால் இளைப்பதன் முழுக் கதையும் செல்லின் அளவில்தான் இருக்கிறது. அந்த அளவைத்தான் ஒளி தொடுகிறது.

இதற்கு முன்னால் கொழுப்பு செல்லின் அளவைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த ஊசியால் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. ஆய்வுக்கு வந்தவரிடம் இதை ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம். வாராவாரம் கேட்க முடியாது. சி.டி. ஸ்கேனுக்குக் கதிர்வீச்சு இருக்கிறது, எம்.ஆர்.ஐ.க்குச் செலவு இருக்கிறது. அண்மை அகச்சிவப்பு ஒளியில் எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு கிடையாது. ஒரே ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கலாம். இளைப்பது என்பது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கிற காரியம், அதனால் இந்த வசதி பெரிய வசதி.

ஒளி காட்டுவதில் இன்னொரு பகுதி ரத்தமும் ஆக்சிஜனும். "கொழுப்புக் கரைஞ்சு எங்கே மேடம் போகுது? வேர்வையிலயா?" என்று கேட்காதவர்களே கிடையாது. சிலர் சிறுநீர் என்பார்கள், சிலர் மலம் என்பார்கள், ஒருவர் சூடாக மாறி ஆவியாகிவிடுகிறது என்றார். 2014-இல் ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியே போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அந்தப் 10 கிலோவை எரிக்க 29 கிலோ ஆக்சிஜன் உள்ளே இழுக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் சொல்லும்போது யாருமே உடனே நம்புவதில்லை. மூச்சில் போகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆமாம், மூச்சில்தான்.

ஆக்சிஜன் என்று வந்துவிட்டால் கொழுப்புத் திசுவின் நிலைமை சுவாரஸ்யமானது. கொழுப்பு சும்மா தூங்குகிற மூட்டை இல்லை. அதற்கு ரத்தக் குழாய் உண்டு, அது ஹார்மோன் சுரக்கிறது, நோய் எதிர்ப்பு செல்கள் அதில் குடியேறுகின்றன. செல் வீங்கிக்கொண்டே போனால் பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர வேண்டிய தூரம் கூடுகிறது. அதனால் கொழுப்புக்கு மூச்சு முட்டி, அதிலிருந்து அழற்சி தொடங்கி, இன்சுலின் வேலை செய்யாமல் போகிறது என்று ஒரு கருத்து உண்டு. பருத்த எலிகளில் அப்படித்தான் இருந்தது. மனிதர்களில் வந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. லூசியானாவில் 2009-இல் அளந்தவர்கள், பருத்தவர்களின் கொழுப்பில் ஆக்சிஜன் குறைவு என்றார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 2011-இல் ஹைஸ் கோசென்ஸ் குழு அளந்தபோது, ரத்த ஓட்டம் குறைவாக இருந்தும் ஆக்சிஜன் அதிகமாக இருந்தது. திசு ஆக்சிஜனைப் பயன்படுத்துவதே குறைந்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

எனக்கு இந்த மோதல் முக்கியமாகப் படுகிறது. இரண்டு பக்கமும் அளந்தது உடம்புக்குள் மெல்லிய குழாயோ முனையோ செருகித்தான். ஒரு நாளில், ஓர் இடத்தில். அவர்கள் அளந்ததும் ஒளி அளப்பதும் ஒன்றல்ல, சிறு ரத்தக் குழாய்களில் உள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஆனாலும் செருகாமல், அதே ஆளின் அதே இடத்தில், இளைப்பதற்கு முன்னும் நடுவிலும் பின்னும் அளக்கலாம் என்பது ஒரு பெரிய கதவு. பருத்தவர் ஒருவரையும் ஒல்லியானவர் ஒருவரையும் ஒப்பிடுவதைவிட, ஒருவரை அவரோடே ஒப்பிடுவது மேல். எங்கள் கிளினிக்கில் நாங்கள் செய்வதும் அதுதானே.

ஒளியால் கொழுப்பை அளக்கும் ஆசை பழையது. அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் கார்ல் நாரிஸ் என்பவர் தானியங்களின் ஈரப்பதத்தையும் புரதத்தையும் அண்மை அகச்சிவப்பு ஒளியால் அளந்துகொண்டிருந்தார். அவரும் ஜோன் கான்வேயும் 1984-இல் அதே வழியில் மனித உடம்பின் கொழுப்பை அளக்கலாம் என்று எழுதினார்கள். தானியத்துக்குச் செய்ததை மனிதனுக்குச் செய்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அதன்பின் மேல்கையில் அழுத்திப் பிடித்தால் கொழுப்புச் சதவீதம் சொல்லும் சின்னக் கருவிகள் கடைக்கு வந்தன. அவை நிலைக்கவில்லை. நன்றாகப் பருத்தவர்களிடம் கொழுப்பைக் குறைத்துக் காட்டின. மேல்கையின் ஓர் இடத்தை வைத்து முழு உடம்புக்கும் கணக்குப் போட்டால் வேறென்ன நடக்கும்? விழுங்கலையும் சிதறலையும் பிரிக்கும் வித்தையும் அந்தக் கருவிகளில் இல்லை. இர்வைன் குழு முழு உடம்பின் சதவீதம் சொல்லப் போகவே இல்லை. இந்த இடத்துக் கொழுப்பு எப்படி மாறுகிறது என்று மட்டும் கேட்டார்கள். அந்த அடக்கம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்பேன்.

ஆழம் ஒரு பெரிய தடை, அதை மறைக்கக் கூடாது. இந்த ஒளி தோலிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவு ஆழத்துக்குத்தான் உருப்படியாகப் பார்க்கும். குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் சேர்கிற கொழுப்பை எட்டாது. நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் அதிகம் கவலைப்பட வேண்டிய கொழுப்பு. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யுட்கினும் சேர்ந்து 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு சேர்த்து எடையைப் பார்க்கும் எண், 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிடம் 21.2 சதவீதம். ஒரே எடை எண், இரண்டு வேறு உடம்பு. ஒல்லியாகத் தெரிகிற மாப்பிள்ளைக்கு எப்படி சுகர் வந்தது என்று பெண் வீட்டார் வந்து கேட்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஆழமாகப் போக வேறு வழிகளும் உருவாகின்றன. லேசர் துடிப்பைப் பாய்ச்சினால் திசு நுண்ணளவு சூடாகி விரிந்து ஒலி எழுப்பும், அந்த ஒலியைக் கேட்டுப் படம் வரையலாம். ஒளி பட்டால் பொருளிலிருந்து ஒலி வரும் என்பதை 1880-இலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் பார்த்துவிட்டார். மியூனிக்கில் உள்ளவர்கள் இந்த முறையில் மனிதர்களின் பழுப்புக் கொழுப்பைப் படம் எடுத்திருக்கிறார்கள். பழுப்புக் கொழுப்பு என்பது குளிரில் உடம்பைச் சூடாக்க எரிகிற வகை, கழுத்தெலும்புக்கு மேலே கொஞ்சம் இருக்கும். ஜப்பானில் டகாஃபுமி ஹமவோகாவின் குழு அதே இடத்தில் அண்மை அகச்சிவப்பு ஒளியை வைத்து, அங்கே ரத்தம் எவ்வளவு என்பதிலிருந்து பழுப்புக் கொழுப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள். அதற்கு வழக்கமான சோதனை பெட் ஸ்கேன். குளிரில் உட்காரவைத்து, கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்க வேண்டும். நல்ல உடம்போடு இருக்கிறவர்களைத் திரும்பத் திரும்ப அதற்குள் அனுப்ப யாருக்கு மனசு வரும்?

இனி சொல்லப் போவது எனக்கு மிகவும் நெருக்கமானது. தோலின் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை விழுங்கும், அலைநீளம் குறையக் குறைய அதிகமாக விழுங்கும். அண்மை அகச்சிவப்பில் அதன் பிடி தளர்கிறதே தவிர முழுக்க விட்டுவிடுவதில்லை. ஆக்சிமீட்டர் விஷயத்தில் உலகம் இதைத் தாமதமாகத்தான் கவனித்தது. மிச்சிகனில் மைக்கேல் ஷோடிங்கும் உடனிருந்தவர்களும் 2020 டிசம்பரில் வெளியிட்ட கணக்கில், கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் 88-க்குக் கீழே போயிருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. விரலில் மாட்டும் அந்தக் கருவியை அதற்குள் உலகம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவிட்டது.

அதனால்தான் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு நல்ல ஆய்வு, நாளை ஆயிரம் பேர் ஆய்வாக வளரும்போது அதில் எங்கள் நிறமும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வெயிலில் சித்தாள் வேலை பார்த்துக் கறுத்த வயிறும், பிரசவத் தழும்பு ஓடிய வயிறும், இன்சுலின் ஊசி போட்டுப் போட்டுக் கட்டி தட்டிய வயிறும் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சேர்த்தே ஆக வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் அங்கே கொழுப்பு கட்டியாகத் தடித்து, மருந்து ஒழுங்காக இறங்காமல் போகும். நாங்கள் விரலால் தடவித்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். அங்கே கொழுப்பின் தன்மை எப்படி மாறியிருக்கிறது என்று ஒளியால் பார்க்க முடிந்தால் எனக்கு அதுவே போதும். இளைப்பதைவிட அதுதான் எங்கள் கிளினிக்கில் அன்றாடத் தேவை.

இட்லிக் கடை அம்மாவுக்கு இர்வைன் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். பால் டம்ளர் சோதனையையும் செய்து காட்டினேன், எங்கள் பேன்ட்ரியில் திரை போட்டு. அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப என் வயித்துக்குள்ள மூட்டை சின்னதாயிட்டிருக்கு, மிஷினுக்குத்தான் தெரியலைன்ற" என்றார். அதேதான். அவருடைய எடை பிறகு மெதுவாக இறங்கியது, மூன்று மாத சுகரும் இறங்கியது. மிஷின் நகராத வாரங்களில் அவர் விட்டுவிடாமல் நடந்தது எனக்குப் பெரிய விஷயம். எத்தனையோ பேர் அந்த வாரங்களில்தான் கைவிடுகிறார்கள்.

"இந்த லைட் டெஸ்ட்டை மதுரையில எங்கே எடுக்கலாம்?" என்று இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அடுத்ததாகக் கேட்கிறார்கள். கொழுப்புக்காக இது கிளினிக்கில் செய்கிற சோதனை ஆகவில்லை, ஆய்வகத்தில்தான் இருக்கிறது. கையில் பிடித்தால் கொழுப்புச் சதவீதம் காட்டுகிறது என்று கடையில் விற்பவை பெரும்பாலும் உடம்புக்குள் சிறு மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கும் வகை. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அவற்றின் எண் மாறும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தினமும் காலையில் கழிப்பறை போய் வந்து, சாப்பிடுவதற்கு முன்னால் ஒரே நேரத்தில் எடுங்கள், அன்றன்றைய எண்ணை விட்டுவிட்டு மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

அதுவரைக்கும் தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும்போது அளவைப் படியுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குள் இருப்பது நல்லது. மாதத்துக்கு ஒரு தடவை அளந்து காலண்டரில் குறித்து வைத்து, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போங்கள்.